வலங்கைமான் சாலையில் ஒரு லேத்துப் பட்டறை: பின்சக்கரம் துள்ளிய காருக்குக் கிடைத்த வைத்தியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் வரும் சாலையில், ஒரு மதகை ஒட்டி, பூவரசு மரத்தடியில் நெல் அறுவடை இயந்திரத்தின் செயின் கழற்றிப் போட்டுக் கிடந்தால் அதுதான் இடம். மேப்பில் தேடினால் வராது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு வைத்தியம் பார்க்கும் இடம் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் அதற்காகப் போகவில்லை. எங்கள் அரிசி மில்லில் உமி உரிக்கும் ரப்பர் ரோலரின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, அதைக் கடைசல் பிடிக்கக் கொண்டுபோனேன்.

காரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நான் யார் என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும், இந்தப் பக்கம் அது ஒன்றுதான் ஓடுகிறது. 5 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ 400 குதிரைத்திறன், 6 கியர் ஆட்டோமேட்டிக், இழுவை முழுக்கப் பின்சக்கரத்தில். லாரிக்கு இருப்பதுபோலப் பின்னால் ஒரே அச்சாக இல்லாமல், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். கோயம்புத்தூரில் ஒருவர் 19,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு விற்றதை 2021-இல் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதற்குக் கோயில் யானை என்று பெயர். வேலை ஒன்றும் கிடையாது, தீனி மட்டும் உண்டு, ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

கோளாறு முதலில் தெரிந்தது ஒரு மார்கழிக் காலையில், டோல்கேட்டில். பனி பெய்து தரை ஈரமாக இருந்தது. பக்கத்தில் மச்சான். தடுப்பு உயர்ந்ததும் கொஞ்சம் அழுத்திவிட்டேன், மறுக்கவில்லை. பின்னால் தடதடதடவென்று ஒரு அடி. சக்கரம் வழுக்கிச் சுற்றினால் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும், அது எனக்குத் தெரியும். இது வேறு. யாரோ பின்சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து சம்மட்டியால் அடிப்பதுபோல, நொடிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல். ஸ்டியரிங், சீட்டு, மச்சானின் மேல் பாக்கெட்டில் இருந்த பேனா எல்லாம் ஆடியது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. “டயர் கழண்டுடுச்சா மாப்பிள்ளை?” என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அதன்பிறகு பரிசோதனை எல்லாம் மில் களத்தில்தான் நடந்தது. நெல் காயவைப்பதற்கு டிரையர் வந்த பிறகு எங்கள் சிமெண்ட் களம் பாதி நாள் சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்காது. தூசியைக் கூட்டிவிட்டு, சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு நாற்பது அடி கிளப்பிப் பார்க்கலாம். ரோட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், துள்ளும்போது கார் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. காவலுக்கு இருக்கும் பெரியவர் முதல் தடவை சத்தம் கேட்டதும் ஓடிவந்து, “வலங்கைமான்ல வெடி போட்டுப் பாக்குறானுவ போலருக்கு மொதலாளி” என்றார். வலங்கைமானில் வெடி செய்கிறவர்கள் உண்டு என்பதால் அது அவருக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது.

இந்தப் பட்டறைக்கு முன்னால் இரண்டு இடம் பார்த்தாகிவிட்டது. ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். முதல் இடத்தில் ஏசி அறை, காபி, கம்ப்யூட்டர் அலைன்மென்ட். மூன்று தடவை அலைன்மென்ட் பார்த்தார்கள். மூன்றாம் தடவை, “இந்த மாதிரி வண்டிக்கு இது ஒரு கேரக்டர் சார்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் கேரக்டர் என்றெல்லாம் சொல்லவில்லை. பின்சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை, கீழ் ஆர்ம் என்பார்கள், இரண்டு பக்கமும் மாற்றிவிட்டார்கள். ஒரு மாதம் ஒன்றும் இல்லை. அப்புறம் முன்னைவிட மோசமாகத் துள்ளியது. அதன் காரணத்தை இந்தப் பட்டறைக் குழியில்தான் கண்ணால் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

இதற்கிடையில் திருச்சியில் படிக்கும் என் பையன் இரவெல்லாம் படித்துவிட்டு ஒரு பட்டியல் அனுப்பினான். பின் சஸ்பென்ஷனுக்கு அமெரிக்காவிலிருந்து முழு கிட், வரியோடு சேர்த்துக் கூட்டினால் மில்லுக்கு ஒரு புது மோட்டார் வாங்கிவிடலாம். அவன் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. இது எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 1999-இல் ஃபோர்டின் மஸ்டாங் கோப்ரா காருக்குத் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் கொடுத்தபோதும் இதே புகார் எழுந்தது. முதல் தலைமுறை காடிலாக் சிடிஎஸ்-வி காரும் இதற்குப் பேர்போனது. அடுத்த தலைமுறையில், 2009-இல், பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டில் இடது ஒரு தடிமன், வலது வேறு தடிமன் என்று வைத்துத்தான் அதை அடக்கினார்களாம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போடுவார்களே, அதுபோல இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் துள்ளிச் சேர்ந்துகொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இவ்வளவு பெரிய கம்பெனிகளே மல்லுக்கட்டிய விஷயம் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

சரி, பட்டறைக்கு வருவோம். நடத்துகிறவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கும்பகோணத்துப் போக்குவரத்துக் கழகம் சோழன் போக்குவரத்துக் கழகமாக இருந்த காலத்திலேயே டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தவர், ஓய்வு பெற்றபின் இந்தப் பட்டறை. ரோலர் ஷாஃப்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் காரைப் பற்றிச் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தொடர்ந்து அடிக்குதா தம்பி, இல்ல ஒரு வேகத்துல மட்டும் அடிச்சுட்டு அடங்கிடுதா?” கிளம்பிய இரண்டு நொடிக்குள்தான், அதற்கு மேல் வேகம் பிடித்தால் அடங்கிவிடுகிறது என்றேன். “உங்க மில்லுல கல் நீக்குற மிஷினை ஆஃப் பண்ணுனா என்ன செய்யும்?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மில் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் புரியும். டீஸ்டோனர் முழு வேகத்தில் ஓடும்போது ஒழுங்காக ஆடும். சுவிட்சை அணைத்ததும் வேகம் இறங்கி இறங்கி வரும், ஒரு இடத்தில் மட்டும் சாமி வந்ததுபோல மூன்று நொடி பேயாட்டம் ஆடிவிட்டு நின்றுவிடும். அந்த வேகம் அதன் ஸ்பிரிங்கின் சொந்த ஆட்டத்தோடு பொருந்துகிற வேகம். காரிலும் அதே கதைதான் என்றார். டயர் தரையைப் பிடிக்கும். பிடித்ததும் எஞ்சினின் முறுக்கு, இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் ஷாஃப்டையும் முறுக்கி வைக்கும். ஓரளவுக்கு மேல் டயர் தாங்காமல் வழுக்கும். வழுக்கியதும் முறுக்கு விட்டு எல்லாம் பழைய இடத்துக்கு விருட்டென்று திரும்பும். திரும்பியதும் டயர் மறுபடி பிடிக்கும். இது சக்கரத்தின் சொந்த ஆட்டத்தோடு தாளம் சேர்ந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்ட மாதிரி வளர்ந்துகொண்டே போகும். பழைய பஸ்ஸில் பின் ஸ்பிரிங் பட்டை இற்றுப்போனால் ஏற்றத்தில் கிளப்பும்போது அச்சு இதேபோல உருண்டு எழும்பும் என்றும் சொன்னார். “தம்பி, சக்கரம் துள்ளலை. சக்கரத்தைப் புடிச்சிருக்கறது துள்ளுது.”

அடுத்த ஞாயிறு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மில்லுக்கே வந்துவிட்டார். பானெட்டைத் திறக்கவில்லை. ஜாக்கி போடவில்லை. “ஒரு தடவ கெளப்புங்க” என்று சொல்லிவிட்டுக் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார். நான் கிளப்பினேன், அது துள்ளியது. இறங்கிவந்து பார்த்தால் மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை, தரையில் குந்தி உட்கார்ந்து டயர் தடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், நான் ஒரு வருடமாக அந்தக் களத்தில் நடந்தும் பார்க்காத விஷயம். சக்கரம் வெறுமனே வழுக்கினால் ஒரே கோடாகக் கறுப்பு விழும். இதில் தையல் போட்டதுபோல விட்டு விட்டு விழுந்திருந்தது. ஒரு கறுப்புப் பட்டை, அப்புறம் வெற்றுச் சிமெண்ட், மறுபடி கறுப்பு. ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு சாண், அதாவது ஒரு முழம். வலப்பக்கத் தடத்தில் இடைவெளி மங்கலாக இருந்தது. இடப்பக்கத்தில் வெட்டிவைத்ததுபோலப் பளிச்சென்று தெரிந்தது. “எடது சக்கரம் தரையை விட்டு நல்லா எழும்புது. சோத்தாங்கை அதுகூடச் சேந்து ஆடுது, அவ்வளவுதான்” என்றார். என் பையன் போனில் எடுத்த மெதுவான வீடியோவில் நொடிக்கு 240 படம். அதில் 21 படத்துக்கு ஒரு துள்ளல், நொடிக்குப் பதினொன்று. மேஸ்திரிக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, டயர் காற்றை 36-லிருந்து 30-க்கு இறக்கச் சொன்னார். துள்ளல் சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. “டயருக்கும் இதுல பங்கு இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி காற்றை ஏற்றச் சொன்னார்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இடது பின் டயரில் 4216, வலதில் 1819. ஒன்று 2016-இன் 42-ஆம் வாரத்தில் செய்தது, இன்னொன்று 2019-இல். கம்பெனி ஒன்று, அளவு ஒன்று, பட்டன் ஆழமும் நன்றாகத்தான் இருந்தது, அதனால் இத்தனை நாளும் யாரும் பார்க்கவில்லை. நகத்தை அழுத்திக் காட்டினார். வலதில் நகம் லேசாகப் பதிந்தது, இடதில் வழுக்கியது. அதிகம் ஓடாத காரில் இதுதான் தொல்லை. தேயாமலே கிழடு தட்டிவிடும்.

பட்டறைக்குக் காரைக் கொண்டுபோவது தனிக் கதை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தால் பத்துப் பேர் செல்ஃபி எடுத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். பட்டறை வாசலில் வாய்க்கால் மதகு மேடு, அதில் நேராக ஏறினால் வயிறு தட்டும். இரண்டு பலகை போட்டுக் கோணலாக ஏற்றினோம். தாழ்வான கார் வைத்திருப்பவர்கள் பலகையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அவரிடம் இருப்பது டிராக்டருக்கு ஆனது.

காரைத் தூக்கும் லிஃப்ட் கிடையாது, அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழிதான். முதலில் அதைப் பார்த்து முகம் சுளித்தேன். பிறகு அதுவே நல்லது என்று ஆனது. குழியில் கார் தன் சக்கரத்தின்மேலேயே நிற்கும், லிஃப்டில் சக்கரம் தொங்கும். என் காரின் பாதி வியாதி அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

எஞ்சினின் இழுவையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலின் மூக்கு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேம், சப்ஃபிரேமை பாடியோடு பிணைக்கும் நான்கு புஷ், ஆர்ம்களின் புஷ், எல்லாவற்றிலும் இரும்பிலிருந்து ரப்பருக்குக் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு உடைந்தால் அந்த இடம் நகர்கிறது என்று அர்த்தம். அப்புறம் என் போனை வாங்கிக் குழிக்குள் டார்ச்சோடு நிறுத்திவைத்துவிட்டு மேலே ஏறிவந்தார். கார் கியரில் இருக்கும்போது குழிக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். உதவிக்கு நிற்கும் பையன் எட்டிப் பார்த்ததற்கே ஒரு அதட்டல் கிடைத்தது. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி, மெல்ல மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தேன்.

வீடியோவை மூன்று பேரும் பார்த்தோம். டிஃப்ரன்ஷியலின் மூக்கு சுண்டுவிரல் தடிமனுக்கு எழும்பி இறங்கியது. அதுகூடப் பரவாயில்லை, இடது பின் மூலையில் சப்ஃபிரேமே பாடியை விட்டு ஒரு பக்கமாக நழுவி வந்தது. வெள்ளைக் கோடு இரண்டு துண்டு. இவ்வளவு கனமான இரும்பு ரப்பரில் மிதப்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு, நான் முன்னால் சொன்ன அந்தச் சமாச்சாரம். புதிதாக மாற்றிய கீழ் ஆர்மின் போல்ட்டை, கார் தன் எடையோடு நிற்கும்போதே தளர்த்தினார். ஸ்பேனர் கால் சுற்றுக்கூடப் போகவில்லை, உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். புஷ்ஷின் நடுக்குழல் தானாகத் திரும்பியது. குறுக்கே இழுத்திருந்த பெயிண்ட் கோடு விரல் அகலம் விலகி நின்றது. யாரும் தொடவில்லை, ரப்பர் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டது. இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் இரண்டு பக்க இரும்போடும் ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கிக்கொண்டுதான் கொடுக்கும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறிவிடும். அன்றிலிருந்து இரவும் பகலும் அதே முறுக்கில்தான் நிற்கும். அதற்குமேல் 400 குதிரை இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? கழற்றி எடுத்தபோது, விண்டுபோட்ட அதிரசம்போல உள்ளே நார் நாராக இருந்தது. மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுப் பாகம் போட்டும் ஏன் மோசமானது என்று நான் மண்டையைக் குடைந்ததற்கு அந்த ‘டக்’ பதில் சொல்லிவிட்டது.

சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் இடது பின் ஷாக்கையும் கழற்றினார். வெளியே எண்ணெய்க் கசிவு லேசாகத்தான் இருந்தது, தூசி ஒட்டியதால் தெரியவில்லை. கையால் அமுக்கினால் முதல் ஒரு அங்குலத்துக்குப் பிடிமானமே இல்லை, பொசுக்கென்று போனது. துள்ளலின் ஆட்டம் முழுக்க அந்த ஒரு அங்குலத்துக்குள்தான் நடக்கிறது, அங்கேதான் ஷாக் செத்துக் கிடந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்றேன், பையனின் பட்டியல் வேறு பாக்கெட்டில் இருந்தது. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாத்தையும் மாத்துனா எது தப்புன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு மறுபடி வந்தா மறுபடி எல்லாத்தையும் மாத்துவீங்களா?” ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் களத்துக்குப் போய் அதே சாக்பீஸ் வட்டத்திலிருந்து கிளப்பினோம்.

முதலில் பின் டயர் இரண்டும் ஒரே வாரத்தில் செய்த ஜோடியாக. அறுபதாயிரத்தை நெருங்கியது, வயிறு எரிந்தது. ஆனால் பாதித் துள்ளல் அன்றைக்கே போய்விட்டது. அரை ஆக்சிலரேட்டரில் வந்தது, முக்காலுக்குத் தள்ளிப்போனது. யாராவது இந்தத் தொல்லையோடு இருந்தால், மற்றதைத் தொடும்முன் டயரில் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது புஷ். சப்ஃபிரேம் புஷ்ஷிலும் டிஃப்ரன்ஷியல் புஷ்ஷிலும் ரப்பருக்கு நடுவே பிறை நிலா வடிவில் சந்து விட்டிருப்பார்கள், சத்தமும் அதிர்வும் உள்ளே வராமல் இருக்க. அந்தச் சந்தை அடைத்துவிட்டால் ரப்பர் அதிகம் நகராது. வெளிநாட்டில் இதற்கென்றே பாலியூரித்தேன் என்ற கெட்டி ரப்பர் போன்ற பொருளில் துண்டுகள் விற்கிறார்கள். மேஸ்திரி வாய்க்காலில் இறங்கி ஒரு கைப்பிடிக் களிமண் எடுத்து, பாலிதீன் தாளில் சுற்றிச் சந்துக்குள் அமுக்கி அச்சு எடுத்தார். காவிரி வண்டல் இப்படியும் பயன்படும் என்று இப்போதுதான் தெரியும். பாலியூரித்தேன் தடியை மீன்காரரின் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தார். சாதாரணமாக அதில் உளி வைத்தால் வளைந்துகொடுத்து நழுவும், விறைத்துப்போனால் ஒழுங்காக வெட்டுப்படும். விடியற்காலை லேத்தில் ஏற்றியபோது மஞ்சள் நாடா நாடாவாகச் சீவல் உரிந்து விழுந்தது. கீழே ரிப்பன் பக்கோடா குவித்துவைத்ததுபோல இருந்தது, லேசாக மீன்வாடை. வளையமாகக் கடைந்து, களிமண் அச்சுக்கு ஒப்பிட்டு, ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உள்ளே தட்டினார். டிஃப்ரன்ஷியலுக்குக் கெட்டியான தடி, சப்ஃபிரேமுக்கு அதைவிடக் கொஞ்சம் மென்மை. முழுக்க அலுமினியத்திலேயே போட்டுவிடலாமே என்று கேட்டேன். “போடலாம். அப்புறம் வண்டிக்குள்ள உங்க மில்லு ஓடும்” என்றார்.

கீழ் ஆர்முக்குப் புது புஷ் போட்டு, கார் தன் சக்கரத்தில் நிற்கும்போது, உள்ளே இரண்டு நெல் மூட்டையையும் ஏற்றிவைத்துவிட்டு போல்ட்டை இறுக்கினார். போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரிஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். அதை எடுக்கும்போது மட்டும் கையைத் துடைத்துக்கொள்கிறார். இதற்குப் பிறகு களத்தில் ஒரே ஒரு இடத்தில், முழு அழுத்தலில், இரண்டு தட்டு மட்டும் கேட்டது. ஷாக் ஜோடி வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆனது, விலையைவிட வரியும் கூரியரும்தான் வலித்தது. அதையும் போட்டு, தஞ்சாவூரில் அலைன்மென்ட் பார்த்துவிட்டுக் கிளப்பினேன். ஸ்ஸ் என்று ஒரு வழுக்கல், அப்புறம் முதுகு சீட்டில் ஒட்டியது. இறங்கிப் போய்த் தடத்தைப் பார்த்தேன். இரண்டு கோடு, தையல் இல்லை.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும், நிறைய உண்டு. நான்கு நாள் என்றார், ஷாக் வருவதற்குக் காத்திருந்ததைக் கழித்தே பதினொரு நாள் ஆனது. நடுவில் ஒரு அறுவடை இயந்திரம் பெல்ட் அறுந்து வந்ததும் என் காரை வெளியே தள்ளிப் பூவரசு மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். காக்கை எச்சம் பானெட்டில் காய்ந்து பெயிண்டில் இரண்டு இடம் மங்கிவிட்டது. “வயல்ல நெல்லு நிக்குது தம்பி” என்றார், அதற்குமேல் என்ன சண்டை போடுவது, நானும் அந்த நெல்லில்தான் பிழைக்கிறேன். ஆனாலும் ஒரு தார்ப்பாய் போட்டிருக்கலாம். போன் எடுக்க மாட்டார். ரசீது கேட்டால் தினக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுவார். என்னுடையதில் முன்பக்கம் கரிநாள் என்று போட்டிருந்தது.

பெரிய தவறு ஒன்று. பாலியூரித்தேனுக்கு சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். அவர் வழக்கமாக டிராக்டருக்கு வைக்கிற கிரீஸையே தடவிவிட்டார். இரண்டு வாரத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பழைய கட்டில்போலக் கிறீச்சிட ஆரம்பித்தது. திரும்பிப் போனேன். தான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டு மொத்தத்தையும் மறுபடி இறக்கித் துடைத்து சிலிகான் கிரீஸ் போட்டார், காசு வாங்கவில்லை. அரைநாள் போனது. முந்தைய இரண்டு இடத்திலும் கேட்காத வார்த்தையை இங்கே கேட்டதால் எனக்குக் கோபம் வரவில்லை.

கூலி 12,000, பாலியூரித்தேன் தடிக்கும் கடைசலுக்கும் சேர்த்து 6,800. டயரும் ஷாக்கும் நான் வாங்கிக் கொடுத்தவை. கார்டு, யுபிஐ எதுவும் கிடையாது, ரொக்கம்தான்.

ஐந்து மாதம், 3,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. இரண்டு தடவை குழியில் ஏற்றிப் பார்த்தாயிற்று. டிஃப்ரன்ஷியல் துண்டின் ஓரத்தில் லேசாக ஒரு தழும்பு இருக்கிறது, பெயிண்ட் கோடு உடையவில்லை. ஒரு மாற்றம் உண்டு. 80-லிருந்து 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு ரீங்காரம் வருகிறது, முன்பு ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த பல்சக்கரச் சத்தம். எனக்கு அது பிடித்திருக்கிறது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, “எதுக்குக் கொசு மாதிரி பாடுது?” என்று கேட்டுவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். சத்தமே ஆகாது என்பவர்கள் டயர், ஷாக், போல்ட்டை முறையாக இறுக்குவது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் வற்புறுத்த மாட்டார்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிவரை தூங்குவார், எழுப்பினால் வேலை கெடும். தை, மாசியில் போகவே வேண்டாம், சம்பா அறுப்பு முடியும்வரை அறுவடை இயந்திரங்கள் மதகுவரை வரிசையில் நிற்கும். நான் போனது சித்திரையில், வாய்க்கால் காய்ந்து கிடந்தது, மேஸ்திரி கையும் காலியாக இருந்தது. சிலிகான் கிரீஸ் டப்பா ஒன்றை நீங்களே கும்பகோணத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். தார்ப்பாயும்.